நூறு மைக்ரான் தகடு

நீங்கள் கொடுத்த பேனா கொஞ்சம் கசிகிறது. குறையாகச் சொல்லவில்லை. கையில் மை ஒட்டினால் எனக்கு எழுத்து ஓடாது, அவ்வளவுதான். வாசலில் நிற்கும் காவலர் நல்ல மனிதர், பழைய துணி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வரிக்கு ஒருமுறை விரலைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்காவது அடித்தல் திருத்தல் தென்பட்டால் அது மையால் வந்தது, என் தடுமாற்றத்தால் வந்ததல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. உறை தயாரிப்பு ஆய்வகம் ஒன்றில் அளவீட்டு உதவியாளன் நான். பத்தொன்பது வருடம் ஆகிறது. பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாக மண்ணில் மக்கிப்போகும் உறையைச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. மரவள்ளி மாவு, இறால் ஓட்டிலிருந்து எடுத்த சத்து, கொஞ்சம் கிளிசரின், தண்ணீர். கூழ் காய்ச்சுவதுபோல் காய்ச்சி, கண்ணாடிப் பலகையில் ஊற்றிக் காயவைத்து உரித்தால் மெல்லிய படலம் வரும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? கிளிசரினைக் குறைத்தால் படலம் சருகாக நொறுங்கும். கூட்டினால் நன்றாக வளையும், ஆனால் ஈரத்தைக் குடித்துவிட்டுத் தொளதொளவென்று தொங்கும். மாமியாரையும் மருமகளையும் ஒரே சமையலறையில் வைத்துச் சமாளிப்பது மாதிரி என்று எங்கள் இயக்குநர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். பத்தொன்பது வருடமாக அதே மாமியார், அதே மருமகள்.

காய்ச்சுவது விஞ்ஞானிகள். காய்ச்சியது எப்படி வந்திருக்கிறது என்று சொல்வது நான். படலத்தின் தடிமனை அளப்பேன், இழுத்துப் பார்ப்பேன், மண்ணில் புதைத்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்து எடை போடுவேன், எல்லாவற்றையும் என் நோட்டில் குறித்து வைப்பேன். இதில் தடிமன்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒரு படலம் இவ்வளவு இழுவை தாங்குகிறது என்றால், எத்தனை தடிமனில் தாங்குகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. மெல்லியதாக இருந்துகொண்டு தாங்கினால் அது கெட்டிக்காரப் படலம். தடிமனாக இருந்துகொண்டு தாங்கினால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆகவே தடிமனை ஒருவன் தப்பாக எழுதினால் அதன்பின் வருகிற அத்தனையும் தப்பு.

நான் தப்பாக எழுதியதில்லை. எங்கள் தொழிலில் தடிமனை மைக்ரானில் சொல்வோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. என்னிடம் விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தகடு உண்டு, சரியாக நூறு மைக்ரான் என்று முத்திரை குத்தியது. வெல்வெட் வைத்த சிறு பெட்டியில் இருக்கும். தினமும் காலை ஒன்பது பத்துக்கு அதை எடுத்து, மெல்லிய துணியில் ஒரு பொட்டு பாலிஷ் தொட்டு, இந்தப் பக்கம் ஐந்து முறை, அந்தப் பக்கம் ஐந்து முறை தேய்ப்பேன். முகம் தெரியும். பிறகு தடிமன் அளக்கும் கருவியான மைக்ரோமீட்டரின் வாயில் அதைக் கொடுத்து, முள் நூறில் நிற்கும்வரை திருகுவேன். அதற்கப்புறம்தான் அந்த ஆய்வகத்துக்கு விடியும். அந்தப் பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. "சார் தகட்டைத் தாங்குற தாங்குல வீட்டம்மாவைத் தாங்கினா தினமும் விருந்துதான்" என்று காய்ச்சும் பகுதியில் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டிருந்தேன்.

இனி என் சகலை. என் மனைவி மூத்தவள், அவன் மனைவி இளையவள். நாங்கள் மாடியில், அவர்கள் கீழே. அவன் முனைவர் பட்டம் வாங்கியவன், மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஆய்வகத்துக்கே விஞ்ஞானியாக வந்து சேர்ந்தான். வீட்டில் நான் பெரியவன், அலுவலகத்தில் அவர் பெரியவர். காலையில் ஒரே வண்டியில் போவோம். வண்டியை விட்டு இறங்கும்போது 'அவன்' என்பதை 'அவர்' என்று மாற்றிக்கொள்வேன், மாலையில் ஏறும்போது திரும்பவும் 'அவன்'. அவனுக்கு அந்தச் சிரமமே கிடையாது. இரண்டு இடத்திலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டான்.

பகை ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. நல்ல பையன். எங்கள் வீட்டுக் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்து வைப்பான். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். நான் சொல்லிக் கொடுத்தபோது அவளுக்குப் புரியவில்லை.

வேலையிலும் கெட்டிக்காரன், இல்லையென்று சொல்ல மாட்டேன். படலத்தில் தேன்மெழுகைக் கலக்கலாம் என்று கண்டுபிடித்தவன் அவன். மெழுகு கூழோடு சேராமல் மேலே திரண்டு நிற்கும். சூட்டையும் கலக்குகிற வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் சேர்த்துவிட்டான். அந்தப் படலத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடும். இயக்குநர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். உறை வாங்க ஒரு நிறுவனமும் வந்தது. அவர்கள் கேட்ட உறுதி மட்டும் வரவில்லை. வேண்டியது நூறு என்றால் எங்கள் படலம் எண்பத்தாறில் நின்றது. என் அளவுப்படி எண்பத்தாறு.

நான்கு மாதம் முயன்றான். எண்பத்தாறு, எண்பத்தைந்து, எண்பத்தாறு. பிறகு ஒரு திங்கட்கிழமை அவன் மேசையில் அந்த நிறுவனத்துக்குப் போகவேண்டிய அறிக்கையைப் பார்த்தேன். உறுதி நூற்றொன்று. எப்படி என்று பின்பக்கம் புரட்டினேன். நான் எண்பது மைக்ரான் என்று எழுதிக் கொடுத்த இடத்தில் அறுபத்தெட்டு. தொண்ணூற்றிரண்டு இருந்த இடத்தில் எண்பது. வரிசையாக எல்லாவற்றிலும் பன்னிரண்டைக் கழித்திருந்தான். நான்கு மாதம் அடுப்பு செய்யாததை ஐந்து நிமிடத்தில் பேனா செய்துவிட்டது. படலத்தின் குணங்களை மேம்படுத்துதல் என்று அறிக்கைக்குத் தலைப்பு வேறு.

கேட்டேன். அவனும் ஒரு விளக்கம் சொன்னான். விளக்கம் யாரிடம்தான் இல்லை?

எனக்குப் பொய்க் கணக்கு ஆகாது. என் மேசையிலிருந்து போகிற ஓர் எண்ணைக்கூட யாரும் தொட்டதில்லை, தொடவும் விட்டதில்லை. அந்த நிறுவனம் அந்த உறையில் பொருள் கட்டும், நாலு பேர் வாங்குவார்கள், உறை பிய்ந்துபோகும், கடைசியில் அளந்தவன் யார் என்று தேடுவார்கள். இதெல்லாம் மனத்தில் ஓடியது. நான் செய்ததற்குக் காரணம் இதுதான். நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அந்த வார்த்தையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை ஆய்வகத்துக்கு விடுமுறை. முந்தின நாள் ஊற்றிய படலத்தை உரித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டியிருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். காலை பதினொன்றரை மணி இருக்கும். கண்ணாடிப் பலகை இம்மி சாய்ந்தாலும் கூழ் ஒரு பக்கம் ஓடிவிடும். அதனால் ஊற்றுவதற்கு முன் பலகைமேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். குனிந்து, கண்ணைப் பலகையின் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அவன் குனிந்தான். பலகைக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டை நான்கு கிலோ, என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

"சரியா இருக்காண்ணே?" என்று கேட்டான்.

"சரியா இருக்கு" என்றேன். குமிழ் நடுவில்தான் இருந்தது. அவனிடம் கடைசியாகப் பேசியதும் உண்மைதான் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். ஒரே தடவை. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது விலை கூடிய கண்ணாடி.

கட்டடத்தின் பின்னால் பன்னிரண்டு பாத்திகள் இருக்கின்றன. படலத் துண்டுகளை வலைப்பையில் போட்டு அங்கேதான் புதைப்போம். மண்வெட்டியும் கையுமாக நான் அங்கே நிற்பதைப் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறார்கள், தெருவில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவனை ஏழாம் பாத்தியில் வைத்தேன். மூடியபின் வலைப்பைகளை முன்பிருந்த அதே ஆழத்தில் அதே வரிசையில் வைத்தேன். ஒரு சோதனை பாதியில் இருக்கும்போது அதைக் கலைப்பது முறையல்ல. அவன் கைப்பேசி மேசைமேலேயே கிடந்தது. அடுத்தவர் பொருளை எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தனியாக வண்டியில் திரும்பியபோது கீழ்வீட்டு வாசலில் இளையவள் நின்றிருந்தாள்.

"மாமா, அவர் வரலையா?"

"எனக்கு முன்னாடியே கிளம்பிட்டான்மா" என்றேன். அதுவும் தவறான வாக்கியமில்லை என்று இப்போது படித்தாலும் படுகிறது.

இரண்டு நாள் கழித்து அவள் மாடிக்கு வந்து என் மனைவியின் மடியில் தலைவைத்து அழுதாள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள், ஏதாவது ஆறுதல் சொல்லுங்கள் என்பதுபோல. "ரொம்ப தூரமெல்லாம் போயிருக்க மாட்டான்மா, எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன். அதைக் கேட்டு எழுந்து முகம் கழுவி இரண்டு வாய் சாப்பிட்டாள். அவன் தட்டை மட்டும் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். என் மகள் இந்த வருடம் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி, சித்தப்பாவிடம் காட்டவேண்டும் என்று தாளை எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

இனிமேல்தான் என்னை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் வருகிறது. மூன்றாவது வாரம் பாத்திகளைத் தோண்டி எடை போட்டேன். பதினொரு பாத்தியில் படலம் பத்துக்கு ஏழு பங்கு மிச்சம் இருந்தது. ஏழாம் பாத்தியில் பைகள் காலி. கழுவிப் பார்த்தேன், உலர்த்திப் பார்த்தேன், வலையில் ஒட்டிய மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. மற்ற பாத்திகளைப் போலவே ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்து கசிகிற பேனாவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினேன்: ஏழாம் பாத்தி, பூஜ்யம்.

மாதாந்தரக் கூட்டத்தில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"யோவ், மூணே வாரத்துலயா? ஏழாம் பாத்தியில மட்டும் என்னய்யா பண்ணின?"

"எல்லாம் நோட்டுல இருக்கு சார்."

"மண்ணுல ஏதோ அபூர்வமான நுண்ணுயிர் இருக்குய்யா. அதைப் பிரிச்சு எடுத்தா நாம எங்கயோ போயிடுவோம்."

அவர் நோட்டைத் திறந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். யாரும் திறப்பதில்லை. சுருக்கத் தாளில் இருக்கிற எண்தான் அவர்களுக்கு வேண்டும். மண் நுண்ணுயிர் படித்த ஓர் அம்மாவை வரவழைத்தார். அந்த அம்மா மேல்மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆழத்திலிருந்தும் வேண்டும் என்று ஒரு குழாயைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்றடியில் குழாய் நின்றது. கல்லாக இருக்கும் என்றார் இயக்குநர். இல்லை சார் என்று நான்தான் சொன்னேன்.

இத்தோடு வாக்குமூலம் முடிகிறது என்று நினைத்துத்தான் நேற்று பேனாவை மூடினேன். நீங்கள் நோட்டோடு வந்தீர்கள். பத்தொன்பது வருடத்தில் அந்த நோட்டை முழுசாகப் படித்த முதல் ஆள் நீங்கள்தான், அதற்கு என் நன்றி. அந்த வாரத்துப் பக்கத்தைத் திறந்து வைத்து, இதற்கும் பதில் எழுதுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அவன் சொன்ன விளக்கம் இது. என் பெட்டியை அவன் கையில் வைத்திருந்தான். அதைப் பார்த்ததுமே எனக்கு உடம்பு கொதித்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. புது மிஷினோட வந்த தகட்டை வச்சு உங்க தகட்டை அளந்து பார்த்தேன். எண்பத்தெட்டுதாண்ணே இருக்கு. தேஞ்சு போச்சு."

"பித்தளை எப்படிடா தேயும்?"

"நீங்கதான் தினமும் தேய்க்கிறீங்களே" என்று சிரித்தான். ஏளனச் சிரிப்பு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க அக்கறைதாண்ணே அதைத் தின்னுடுச்சு. எண்பத்தெட்டை வச்சுக்கிட்டு நூறுன்னு திருகுனா, அளக்கிறது எல்லாம் பன்னெண்டு கூடத்தானே காட்டும்? நம்ம படலம் நாம நினைச்சதைவிட உறுதிண்ணே. சந்தோஷமான விஷயம்தானே!"

"அப்ப பழைய அறிக்கையெல்லாம்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எந்த வருஷம் எவ்வளவு தேஞ்சதுன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாதுண்ணே. ஒரு திருத்தக் கடிதம் போட்டுடலாம். இத்தனை வருஷத்து அளவுகளை நம்ப வேண்டாம்னு. உங்க பேரே வராது. தேய்மானம்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்."

தோளைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பத்தொன்பது வருடம், ஒரு நாள் விடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலை. அதற்கு ஒரு வார்த்தை.

செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் இருப்பது என் கையெழுத்துதான். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் புதுத் தகட்டை வைத்து என் தகட்டை நானே ஐந்து முறை அளந்தேன். எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு. எழுதிவைத்தேன். அளந்ததை எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது.

புதன்கிழமைக் குறிப்பு: ஏழாம் பாத்தி ஆழப்படுத்தப்பட்டது. நீளம் ஆறடி, ஆழம் நான்கடி.

இந்த இரண்டு குறிப்பையும் சேர்த்துவைத்து, அவன் பொய் சொன்னதால் நான் செய்யவில்லை, உண்மை சொன்னதால்தான் செய்தேன் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவசரப்படுகிறீர்கள். ஒரு மனிதனின் எண்களை நம்ப வேண்டாம் என்று எழுதுவது சின்ன விஷயமா? அவன் போனபிறகும் நான் தினமும் ஒன்பது பத்துக்கு அதே தகட்டைத் தேய்த்து அதே நூறில்தான் திருகினேன். எண்பத்தெட்டு என்று தெரிந்துமா என்று கேட்பீர்கள். தெரிந்துதான். பத்தொன்பது வருடத்து எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டாமா? நடுவில் திடீரென்று மாற்றினால் அதுதானே மோசடி.

இன்று காலை என் மனைவியோடு இளையவள் என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"மாமா, ரொம்ப தூரம் போயிருக்க மாட்டான்னு அன்னிக்குச் சொன்னீங்களே. எவ்வளவு தூரம்னு தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"என் மேசையிலேர்ந்து நாற்பத்திரண்டு மீட்டர்மா" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு போனாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதற்குத்தானே சொன்னேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். என் சகலையை நான்தான் கொன்றேன். செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டேன், புதன்கிழமை தோண்டினேன், வியாழக்கிழமை செய்தேன். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. பித்தளைத் தகடு உங்கள் சாட்சிப் பொருள்களில் இருக்கிறது, அதைக் கண்டவர் கையால் தொடவிடாதீர்கள், முடிந்தால் காலையில் ஒருமுறை துடைத்து வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு சின்னத் திருத்தம். உங்கள் ஆட்கள் தயாரித்த அறிக்கையில் குழியின் ஆழம் மூன்றடி ஒன்பது அங்குலம் என்று இருக்கிறது. அது நான்கடி. அவர்களுடைய டேப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நான்கடிதான், அளந்தது நான்.